குருவற்ற மந்தையைத் தேடி வந்த குரு



ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி இல்லாத சிற்றாலயம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மாதத்திற்கு ஒருமுறை மட்டும் குருவானவர் வந்து போகின்றார். இளையோர் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். எஞ்சியுள்ள சில குடும்பங்கள் மாலையில் மணியடித்துச் செபமாலை சொல்லிவிட்டு வீடு திரும்புகின்றன. இத்தகைய ஆலயங்களை உங்களில் பலர் அறிவீர்கள். இங்கே திருச்சபை மெல்லத் தேய்ந்து மறைந்துவிடுமோ என்ற அச்சம் பெரியவர்களின் உள்ளத்தில் எழுவது இயல்பே. இதனிலும் கடுமையான நிலையில் இந்நாட்டுத் திருச்சபை ஒருகாலத்தில் கிடந்தது என்பதையும், அதனை மீண்டும் எழுந்து நிற்கச் செய்த ஒரு மனிதரின் வாழ்வையும் இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவரே புனித யோசேவாஸ் அடிகளார்.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அத்துடன் கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டு ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியவையாயின. குருவானவருக்கு வீட்டில் அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளின் திருமுழுக்கும் திருமணமும் அரசாங்கம் ஏற்ற சபையில் பதிவாகவேண்டும். பதிவில்லாதவனுக்கு முதுசச் சொத்திலும் அரசாங்கப் பதவியிலும் உரிமை கேட்பது கடினமாயிற்று. எனவே பலர் பகலில் ஒல்லாந்தரின் கோவிலுக்குச் சென்றுவந்து, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளைகளின் சோற்றையும் காணியையும் எண்ணிக் கலங்கிய பெற்றோரை நியாயந்தீர்க்க நமக்கு என்ன தகுதி உண்டு? 1544இல் மறைசாட்சிகளின் இரத்தம் சிந்தப்பட்ட மன்னார் மண்ணிலும் இதே நிலைதான். மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டு வழியே மருதமடு சென்று சேர்ந்ததும் இக்காலத்திலேயே என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த மரபு.

யாழ்ப்பாணம் வீழ்ந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு முப்பது வயது நெருங்கும்வரை, அக்குழந்தை ஒரு திருப்பலியைத் தானும் கண்டிருக்க வாய்ப்பு அரிது. பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, சாகும் வேளையில் நோயில்பூசுதல் இல்லை. இச்செய்தி கோவாவை எட்டியபோது பலரும் இரக்கப்பட்டார்கள். ஒருவர் மட்டும் புறப்பட்டு வந்தார்.

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். 1676இல் குருவானார். அடுத்த ஆண்டு ஆவணி 5ஆம் நாள் தம்மை மரியன்னையின் அடிமையாகக் கையளித்து முறிச்சீட்டு ஒன்றைத் தம் கைப்பட எழுதிவைத்தார். அடிமைச் சீட்டு என்பது அக்காலத்து மக்கள் சந்தையில் கண்ட ஒன்று. அதன் முழுப் பொருளையும் உணர்ந்தே அவர் எழுதினார். இலங்கைக்குச் செல்ல அனுமதி கேட்டபோது, மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுப் பணிக்கு அனுப்பினர். அவர் முறுமுறுக்காமல் சென்று, 1684இல் திரும்பினார். பின்னர், புனித பிலிப் நேரியாரின் வழியில் கூடி வாழவும் செபிக்கவும் விரும்பிய சுதேசக் குருக்கள் சிலருடன் சேர்ந்து, கோவாவின் ஒரட்டோரியன் சபையை உருவாக்கி அதன் தலைவரானார். ஐரோப்பியரின் துறவற சபைகளில் இந்தியக் குருக்களுக்கு இடம் கிடைக்காத காலம் அது. பின்னர் இலங்கைத் திருச்சபையைத் தாங்கிநின்ற குருக்கள் அனைவரும் இச்சிறு சபையிலிருந்தே வந்தனர் என்பதைக் கவனியுங்கள்.

1686இல் தலைமைப் பொறுப்பைத் துறந்து, ஜோன் என்னும் பணியாளரான இளைஞரை மட்டும் துணையாகக் கொண்டு புறப்பட்டார். கால்நடையாகத் தெற்கே வந்து, தூத்துக்குடியில் தங்கி, 1687இல் கூலியாளின் கோலத்தில் கடல் கடந்து இலங்கையின் வடகரையை அடைந்தார். யாழ்ப்பாணத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. அவர் யாரென்று அறியாமலேயே ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்து உயிர்காத்தாள். நலம்பெற்றதும் அவர் செய்தது விசித்திரமானது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். சோறு கிடைப்பதை அவர் பார்க்கவில்லை. செபமாலையைக் கண்டதும் அந்த வீட்டாரின் முகம் எப்படி மாறுகின்றது என்பதையே கவனித்தார். கண்கள் கலங்கிய வீட்டை மனதில் குறித்துக்கொண்டார். இப்படியே மறைந்து கிடந்த மந்தையை ஒன்றொன்றாகக் கண்டுபிடித்தார்.

கத்தோலிக்கர் உறுதியுடன் வாழ்ந்த சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. (சில்லாலை வாசகர்கள் இவ்விடத்தில் சற்றே தலைநிமிர்வதில் தவறில்லை.) பகலில் மறைந்திருப்பார், இரவில் ஊரூராகச் சென்று, ஒப்புரவு கேட்டு, விடிவதற்குள் திருப்பலி ஒப்புக்கொடுத்து மறைந்துவிடுவார். ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தரின் படைவீரர் புகுந்து, திருப்பலிக்குக் கூடியிருந்த ஏறத்தாழ 300 பேரைக் கைதுசெய்தனர். குருவானவர் அகப்படவில்லை. அகப்பட்டவர்களுள் முக்கியமானோர் கடும் தண்டனைக்கு உள்ளாயினர். ஒல்லாந்தரின் சபையிலிருந்து மனம் மாறி வந்திருந்த தொன் பேதுரு அடிபட்டே மாண்டார். தம்மால் மக்கள் வதைபடுவதைக் கண்ட அடிகளார், ஒல்லாந்தரின் ஆட்சிக்கு உட்படாத கண்டி இராச்சியத்தை நோக்கிப் புத்தளம் வழியாக நகர்ந்தார்.

1692இல் கண்டியை அடைந்தபோது, அவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் மன்னனிடம் கோள் சொன்னார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். வடக்கே ஆயிரக்கணக்கான மக்கள் குருவுக்காகக் காத்திருக்க, நாட்டிலிருந்த ஒரே குரு சிறையில். நம்மில் யாரானாலும், பணி முடங்கிவிட்டதே என்று நொந்துபோயிருப்போம். அவரோ நீண்ட நேரம் செபித்தார். ஓய்ந்த வேளைகளில் சிங்கள மொழியைக் கற்றார். தப்பியோட முயலாத இக்கைதியைக் கண்டு காவல் தளர்ந்தது. சிறையின் எல்லைக்குள்ளேயே ஓலைக்குடில் ஒன்றை எழுப்பிப் பீடம் அமைத்தார். நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். கண்டியின் திருச்சபை ஒரு சிறைக்குடிலில் மறுபடி மூச்செடுத்தது.

பின்னர் நாட்டில் கொடிய வரட்சி வந்தது. மழைக்காக மன்னன் செய்வித்த சடங்குகள் பலனளிக்காதபோது, அடிகளாரையும் செபிக்குமாறு கேட்டான். அவர் நகரின் வெளியில் பீடமும் சிலுவையும் நாட்டி முழந்தாளிட்டார். மழை பொழிந்ததென்றும், அவரும் பீடமும் நனையவில்லையென்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அதன்பின் நாடெங்கும் சென்று போதிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனாலும் கண்டி மக்களின் உள்ளத்தை வென்றது மழையைவிட 1697இல் பரவிய பெரியம்மைதான் என்பது என் எண்ணம். மன்னன் தலைநகரைவிட்டு அகன்றான். உறவினரே நோயாளரைக் காட்டோரங்களில் கைவிட்டுச் சென்றனர். அடிகளாரும், கோவாவிலிருந்து துணையாக வந்திருந்த அவருடைய மருமகன் கர்வாலியோ அடிகளாரும் குடிசைகள் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். மதம் கேட்டு மருந்திடவில்லை.

எனினும், அவர் இந்நாட்டுக்கு விட்டுச்சென்ற பெருங்கொடை வேறொன்று என்று கருதுகின்றேன். ஒவ்வோர் ஊரிலும் தாம் தங்கமுடியாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எனவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் தெரிந்து, பயிற்றி, பொறுப்பளித்தார். ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்விப்பதும், சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும், நோயாளரின் அருகிருந்து செபிப்பதும் அண்ணாவியின் கடமை. குருவானவர் அடுத்தமுறை வரும்போது ஒப்புரவுக்கும் திருமணத்துக்கும் ஆயத்தமானோரை அழைத்துவருவதும் அவருடைய பொறுப்பே. ஆகவே குருவின் வருகை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நீண்ட மாதங்கள் வெறுமையாய்க் கழியவில்லை. அண்ணாவி என்ற நம் சொல் சிங்களக் கத்தோலிக்கரிடையேயும் வழங்கலாயிற்று.

நூல்களின் தேவையையும் அவர் உணர்ந்திருந்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளாரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதத் தூண்டினார். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கம் அந்த அடிகளாரின் கையிலிருந்து பிறந்ததே. படித்த குரு இல்லாத ஊரிலும், அண்ணாவி ஒருவர் அதைக் கையிலெடுத்து ஓதினால், முழு ஊரும் கல்வாரியின் அடியில் கண்ணீர்விடும்.

ஆயர் நிலைக்கு உயர்த்த முனைந்தபோது, தாம் தகுதியற்றவர் என்று மறுத்துவிட்டார். உடல் தளர்ந்தபின்னும் பயணத்தை நிறுத்தாத அவர், இறுதியில் நோயுற்றுக் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டு, 1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். தனியொருவராக வந்தவர் இறந்தபோது, அவருடைய சபைக் குருக்கள் பலர் இந்நாட்டில் பணியாற்றிக்கொண்டிருந்தனர். ஒல்லாந்தரின் ஆட்சி 1796இல் முடியும்வரை அவருக்குப்பின் மேலும் 85 ஆண்டுகள் அத்திருச்சபை அவர்களுடனும் அண்ணாவிமாருடனும் நிலைத்துநின்றது.

1995ஆம் ஆண்டு தை 21ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள், அதே காலிமுகத்திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். அவருடைய கல்லறை கண்டியில் எங்கிருந்தது என்பதை இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை.