குருண்ட்விக்: பதவியை இழந்தவர் பெற்ற மதிப்பு

டென்மார்க்கில் ஒருவர் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவருடைய வசிப்பிடமே தீர்மானித்தது. இந்தக் கட்டு தளர்வதற்குப் பெரிதும் காரணமானவர் நிக்கோலாய் பிரெடரிக் செவெரின் குருண்ட்விக்.

1783ஆம் ஆண்டு உட்பி கிராமத்தில் லூத்தரன் பாதிரியார் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பாதிரியார் பணி அன்று அரச உத்தியோகம். சமூக மதிப்பும் அதனுடனேயே வந்தது. குருண்ட்விக்கும் அப்பணியையே ஏற்றார். ஆனால் 1825இல் இறையியல் பேராசிரியர் கிளவுசனைத் தாக்கி அவர் ஒரு நூல் வெளியிட்டார். திருச்சபையின் அடித்தளம் அறிஞர்களின் வேதவிளக்கம் அல்ல, திருமுழுக்கின்போது சாமானியர் அறிக்கையிடும் விசுவாசமே என்பது அவரது வாதம். மறு ஆண்டு அவர் பதவி விலகினார். அவதூறு வழக்கில் அபராதமும் விதிக்கப்பட்டது. 1837 வரை அவருடைய எழுத்துகள் தணிக்கைக்கு உள்ளாயின.

1839இல் கோபன்ஹேகனில் வார்ட்டோவ் என்ற முதியோர் காப்பக தேவாலயம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதவிப் படிநிலையில் அது சிறிய இடமே. ஆயினும் அவரைக் கேட்கவும், அவரது பாடல்களைப் பாடவும் பலர் அங்கு திரண்டனர். அரசி கரோலின் அமாலியாவும் அவர்களில் ஒருவர். விரும்பிய பாதிரியாரிடம் செல்லும் உரிமையை 1855ஆம் ஆண்டுச் சட்டம் அனைவருக்கும் வழங்கியது. 1861இல் அவருக்குப் பேராயர் பட்டம் கிடைத்தது; மறைமாவட்டம் ஏதும் தரப்படவில்லை.

கல்வியிலும் இதே நிலைப்பாடுதான். லத்தீன் கற்றவர்களுக்கே மதிப்பு என்றிருந்த நாட்டில், தாய்மொழியில், தேர்வுகளின்றி விவசாயிகள் பயில வேண்டும் என்றார். அவரது சிந்தனையைப் பின்பற்றி முதலாவது மக்கள் உயர்பள்ளி 1844இல் ரோடிங்கில் தொடங்கியது. 1864ஆம் ஆண்டுப் போர்த் தோல்விக்குப் பின்னர் இப்பள்ளிகள் நாடெங்கும் பரவின. 1872இல் அவர் காலமானார்.

அவர் உறுப்பினராக இருந்த அரசியலமைப்புச் சபை உருவாக்கிய 1849ஆம் ஆண்டு அரசியல் சட்டம், தம் நம்பிக்கைப்படி வழிபடச் சபைகள் அமைக்கும் உரிமையைத் தந்தது. 1980களில் அகதிகளாகச் சென்ற இலங்கைத் தமிழர்கள் பிராண்ட, ஹேர்னிங் நகரங்களில் கோயில்கள் அமைக்க முடிந்தமைக்கும் இந்த உரிமையே அடிப்படை.

எனினும், மக்களினம் பற்றிய குருண்ட்விக்கின் கருத்து டென்மார்க்கில் இரு முனைகளிலும் பயன்படுத்தப்படுகிறது. பிறப்பைவிட மனமும் மொழியுமே ஒருவரை ஒரு மக்களினத்தின் உறுப்பினராக்கும் என்ற அவரது எண்ணத்தைக் குடியேறிகளின் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். டேனிஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் அவர் தந்த முதன்மையைக் குடியேற்றத்தை எதிர்ப்போர் முன்வைக்கின்றனர். சேர்ந்துகொள்ள விரும்புபவரின் முடிவு மட்டும் போதுமா, ஏற்கெனவே உள்ளவர்களின் ஒப்புதலும் வேண்டுமா என்பதே இரு தரப்புக்கும் இடையிலான உண்மையான பிணக்கு.