இந்தியக் கால்பந்தின் தந்தை



ஏழாயிரம்பண்ணையில் பள்ளி விட்டதும் கரிசல் மண்ணில் பந்து உதைக்கிறீர்கள் அல்லவா? நம் நாட்டுப் பிள்ளைகள் பந்தை உதைக்கத் தொடங்கிய கதை தெரியுமா?

1869ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. எட்டு வயதில் ஒருநாள் அம்மாவுடன் கங்கையில் நீராடச் சென்றார். வழியில் மைதானத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்த பந்து அவரிடம் உருண்டு வந்தது. ஆசையாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஓங்கி உதைத்துத் திருப்பி அனுப்பினாராம். அன்று பிடித்தது கால்பந்துப் பைத்தியம்!

ஹேர் பள்ளியில் நண்பர்களிடம் காசு திரட்டிப் பந்து வாங்கினார். அது ரக்பி பந்து என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை! பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்து, சரியான பந்து கொடுத்து ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்தார். பின்னர் நாகேந்திரர் அதே கல்லூரியில் படித்தபோது மாணவர்களைத் திரட்டிக் கால்பந்து ஆட வைத்தார். சங்கங்களையும் தொடங்கினார்.

அவற்றுள் ஒன்று வெலிங்டன் சங்கம். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தனர். மணி தாஸ் என்ற இளைஞரை நாகேந்திரர் அதில் சேர்த்தார். அவர் மண்பாண்டம் செய்யும் குயவரின் மகன். சாதியைச் சொல்லிச் சிலர் எதிர்த்தார்கள். நாகேந்திரர் என்ன செய்தார் தெரியுமா? மணி தாஸை விலக்கவில்லை. தாம் அரும்பாடுபட்டு வளர்த்த சங்கத்தையே கலைத்துவிட்டார்!

பின்னர் சோவாபஜார் சங்கம் பிறந்தது. அதில் சாதி, மத வேறுபாடு இல்லை. மணி தாஸும் அங்கு ஆடினார். 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவின் ஆங்கிலேய அணியை சோவாபஜார் வென்றது. ஆண்டவர்களை ஆடுகளத்தில் வெல்லலாம் என்று நம்மவர்களுக்குத் துணிவு வந்தது. 1911இல் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்கால் வீரர்களுடன் ஆடி ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றதற்கு இதுவே முன்னோடி.

1940இல் நாகேந்திரர் மறைந்தார். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

செல்வங்களே! நாளை மாலை அணி பிரிக்கும்போது, யாரும் அழைக்காமல் ஓரமாக ஒரு பிள்ளை நிற்கக்கூடும். முதலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். நாகேந்திரருக்கு நீங்கள் செலுத்தும் மரியாதை அதுதான்!