தோல் தொப்பி வீரர்



சைக்கிளில் போகும்போது வழியில் சேறு வந்தால் என்ன செய்வீர்கள்? இறங்கித் தள்ளிக்கொண்டு போவீர்கள். சேறு அதிகமாக இருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுவீர்கள். இதையே ஒரு பந்தயமாக நடத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் சைக்ளோகிராஸ்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நடக்கும் பந்தயம் இது. சேறு, மணல், புல்மேடு, காட்டுப்பாதை எல்லாம் கலந்த சுற்றுப்பாதை இருக்கும். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்ட வேண்டும். முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். இதன் உலகப் போட்டியில் வீரர்கள் தங்கள் நாட்டு அணியின் சார்பில் கலந்து கொள்வர்.

அந்தப் போட்டியில் முதன்முதலில் உலக சாம்பியன் ஆனவர் யார் தெரியுமா? பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான் ரோபிக். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

ரோபிக் 1921ம் ஆண்டு ஜூன் 10ம் தேதி பிறந்தார். பிரிட்டனி பகுதியில் உள்ள ராடெனாக் என்ற சிற்றூரில் வளர்ந்தார். வாலிப வயதில் பாரிஸ் நகருக்கு வந்து, சைக்கிள் மெக்கானிக்காக வேலை செய்தார். வேலை போக மீதி நேரத்தில் பந்தயங்களில் ஓட்டினார்.

அவர் மிகவும் குள்ளம். உயரம் 161 சென்டிமீட்டர்தான். அவரைப் பார்த்தவர்கள், இந்தச் சின்ன உருவம் எங்கே ஜெயிக்கப் போகிறது என்று நினைத்தனர். கடுகு சிறுத்தாலும் காரம் போய்விடுமா, என்ன?

வடக்கு பிரான்சில் பாரிஸ் - ரூபே என்று ஒரு பந்தயம் உண்டு. கருங்கல் பாவிய கரடுமுரடான சாலைகளில் நடப்பது. 1944ல் அந்தப் பந்தயத்தில் ரோபிக் கீழே விழுந்தார். மண்டை ஓட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டது. வேறொருவராக இருந்தால் சைக்கிளையே மறந்திருப்பார். ரோபிக் என்ன செய்தார் தெரியுமா? தோலால் ஆன தலைக்கவசம் ஒன்றை அணிந்துகொண்டு மறுபடியும் பந்தயத்துக்கு வந்தார்!

அந்தக் காலத்தில் சாலைப் பந்தய வீரர்களில் பெரும்பாலோர் தலைக்கவசம் அணிவதில்லை. அதனால் 'தோல் தலை' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தனர். அவர் கவலைப்படவில்லை, கவசத்தையும் கழற்றவில்லை. 1945ல் சைக்ளோகிராஸ் போட்டியில் பிரான்சின் சாம்பியன் ஆனார்.

இரண்டாம் உலகப் போரால் நின்று போயிருந்த 'டூர் டி பிரான்ஸ்' என்ற புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம், 1947ல் மீண்டும் தொடங்கியது. நாடு முழுவதையும் பல நாட்கள் சுற்றி வரும் பந்தயம் அது. அப்போது அதில் நாட்டு அணிகள் மோதின. பிரான்சின் தேசிய அணியில் ரோபிக்குக்கு இடமில்லை! மேற்கு வட்டார அணி ஒன்றில்தான் இடம் கிடைத்தது.

மனம் தளரவில்லை ரோபிக். பிரனீஸ் மலைத்தொடரில் ஒரே நாளில் நான்கு பெரிய கணவாய்களையும் முதல் ஆளாகக் கடந்தார். அன்று மற்றவர்களைவிட 10 நிமிடத்துக்கும் அதிகமாக முன்னால் வந்து சேர்ந்தார்.

ஜூலை 20, கடைசி நாள். மூன்றாம் இடத்தில் இருந்தார் ரோபிக். முதல் இடத்தில் இருந்தவர் இத்தாலி அணியின் பிராம்பிலா. அவரைவிட ரோபிக் 2 நிமிடம் 58 விநாடி பின்தங்கி இருந்தார். முதல் இடத்தில் இருப்பவர் மஞ்சள் பனியன் அணிவது அந்தப் பந்தயத்தின் வழக்கம். ரோபிக் அதை ஒரு நாள்கூட அணிந்ததில்லை.

பாரிசுக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ரூவான் நகரை அடுத்த பான்செகூர் மேட்டில் ரோபிக் திடீரென்று வேகம் எடுத்தார். பிராம்பிலா துரத்திப் பார்த்தார், முடியாமல் பின்தங்கினார். தேசிய அணி வீரரான ஃபாக்லைட்னர் ரோபிக்குடன் வந்து சேர்ந்தார். தமக்கு உதவினால் ஒரு லட்சம் பிராங்க் தருவதாக ரோபிக் அவரிடம் சொன்னார். இருவரும் மாறி மாறி முன்னால் நின்று, காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட்டினர். ரோபிக் வென்றார்! கடைசி நாளுக்கு முன் ஒரு நாள்கூட மஞ்சள் பனியன் அணியாமல் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் வீரர் அவர்தான்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1950ல் பாரிஸ் நகரில் முதல் உலக சைக்ளோகிராஸ் போட்டி நடந்தது. இப்போது ரோபிக், பிரான்ஸ் நாட்டின் வீரராகவே களம் இறங்கினார். அவரைக் கடுமையாகத் துரத்தியவர் அவருடைய நாட்டுக்காரரான ரோஜர் ரோண்டோ. அவரை முந்தி, ரோபிக் உலக சாம்பியன் ஆனார். அன்று தொடங்கி 1958 வரை, ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பிரான்ஸ் வீரர்களே அந்தப் பட்டத்தை வென்றனர். அந்த வரிசையில் முதல் பெயர், ஒரு காலத்தில் தேசிய அணியில் இடம் கிடைக்காதவரின் பெயர்!

ரோபிக்கின் புத்திசாலித்தனத்துக்கு ஒரு உதாரணம் சொல்லட்டுமா? மலை ஏறும்போது எடை குறைவாக இருப்பது நல்லது. ஆனால், இறங்கும்போது எடை உள்ளவர்கள் வேகமாகப் போய்விடுவர். அதனால் 1953ல் மலை உச்சியில் ஈயம் நிரப்பிய பாட்டிலை வாங்கி சைக்கிளில் வைத்துக்கொண்டு இறங்கினார். அந்தப் பந்தயத்தில் மஞ்சள் பனியனையும் அணிந்தார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. முன்கோபக்காரர், பெருமை பேசுவார், சக வீரர்களோடு சண்டை போடுவார். பந்தயங்களை விட்ட பிறகு அவர் வாழ்க்கை சுகமாக அமையவில்லை. 1980ம் ஆண்டு அக்டோபர் 6ம் தேதி, பாரிசுக்கு அருகே நடந்த கார் விபத்தில் காலமானார். அவர் வேகம் எடுத்த பான்செகூர் மேட்டில் இப்போது ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

குழந்தைகளே! பள்ளி அணியில் உங்கள் பெயர் இல்லாமல் போகலாம். உருவத்தைப் பார்த்து யாராவது கேலி செய்யலாம். அப்போது ரோபிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சைக்கிளில் ஏறும்போது, நண்பர்கள் சிரித்தாலும் தலைக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்!