கமரன் அம்மையாரும் காத்திருந்த ஒளியும்

தலவாக்கலைப் பாதையில் நின்று டெவன் நீர்வீழ்ச்சியைப் படம்பிடிப்போரை இன்றும் காணலாம். முக்காலியில் கமராவை நிறுத்தி, அதன் கண்ணைச் சில விநாடிகள் திறந்தே வைப்பர். பாறை பாறையாகவே பதியும். வீழும் நீரோ துளியும் திவலையும் மறைந்து, வெண்பட்டு விரித்தாற்போலத் தோன்றும். இஃது இக்காலத்து உத்தி எனக் கருதுவோர் பலர். 150 ஆண்டுகளுக்கு முன் நிழலடர்ந்த அருவியைப் படமாக்க முயன்றார்க்கு வேறு வழியே இருந்ததில்லை. ஒளியேற்கும் பூச்சு அத்துணை மந்தமானது. அசைவன யாவும் புகையெனக் கரைந்தன. அதனைக் குறையென்றே பெரும்பாலோர் எண்ணினர். அக்குறையினின்றே ஒரு கலையை ஆக்கி, அருவிகளையன்றி மனித முகங்களை நெடுநேரம் ஒளியில் நிறுத்திப் பதித்த ஒருவர், நமது மலைநாட்டிலே, பொகவந்தலாவையிலே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவரே ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார்.

கமரன் என்ற பெயர் நம் மாணவர்க்குப் புதிதன்று. கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் படியாது வரலாற்றுத் தேர்வைக் கடந்தார் யார்? 1830-ஆம் ஆண்டு இலங்கை வந்து நீதித்துறையை ஆராய்ந்த அந்தச் சாள்ஸ் ஹே கமரனே அம்மையாரின் கணவர். கமராவினால் அம்மையாருக்கு இப்பெயர் வந்ததோ என்று என் மாணவன் ஒருவன் வினவியதுண்டு. பிழையான வினாவாயினும் இரசித்தேன்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு யூன் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அலுவலர். தாய் பிரெஞ்சுக் குடிவழியினர். உடல்நலம் தேடி நன்னம்பிக்கை முனைக்குச் சென்றவிடத்து, 1836 அளவில், இருவரைச் சந்தித்தார். ஒருவர் தம்மினும் இருபது ஆண்டு மூத்த கமரன். 1838-இல் அவரையே மணந்தார். மற்றவர் தென்வானத்து விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த அறிஞர் யோன் ஹேர்ச்செல். ஒளிபட்ட வெள்ளியுப்புப் படம் மேலும் கறுத்தழியாவண்ணம் நிலைநிறுத்தும் உப்பின் இயல்பைக் கண்டறிந்தவர் இவரே. நிழற்படக்கலை பிறந்த சில ஆண்டுகளுள், 1842-இல், அதன் மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி அம்மையாருக்குக் காட்டியவரும் இவரே. ஆயினும் அவ்வித்து முளைக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-இல் வைற் தீவில், கவிஞர் தெனிசனின் அயலில் குடியேறினர். அவ்வில்லத்துக்கு இட்ட பெயர் டிம்போலா. இலங்கையில் கமரனுக்கு இருந்த தோட்டத்தின் பெயரே அது. நம் திம்புள்ளைப் பள்ளத்தாக்கின் பெயர் ஆங்கிலக் கடற்கரையில் ஒரு வாயிலில் எழுதப்பட்டமை சுவையான செய்தியன்றோ!

1863-ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. கோழிக்கூடு படப்பிடிப்பு மண்டபமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. அந்நாளைய முறை எளிதன்று. கண்ணாடிப் பலகையிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்து, உலருமுன்னரே உருத்துலக்கி, நீரிற் பலமுறை அலசவேண்டும். கைகளும் ஆடைகளும் கறைபடும். எதிரே அமர்ந்தவர் மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாதிருக்கவேண்டும். எவரால் இயலும்? மூச்சு அசையும், இமை அசையும், முகத்தின் எல்லைக்கோடு நெகிழும். தெளிவில்லை என்று நிழற்படச் சங்கத்தார் எள்ளினர். அம்மையாரோ தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலேயே வில்லையை நிறுத்தினார். ஒரு கணத்தின் முகத்தையன்று, பல நிமிடங்களின் முகத்தையே அப்பலகைகள் ஏந்தின. ஹேர்ச்செல், கார்லைல், தார்வின் ஆகியோரை நாம் மனத்திற் காணும் தோற்றம் பெரிதும் அவர் தந்ததே. தம் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக அமர்த்திப் பதித்தார். அப்பணிப்பெண்ணின் பெயரும் இன்றுவரை நிலைத்துள்ளது.

இதனை ஏன் அழுத்திக் கூறுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

கமரனின் செல்வம் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் முடங்கிக் கிடந்தது. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அரிக்கத் தொடங்கியது. குடும்பத்திற் பொருள்முடை, மைந்தர்களோ இலங்கையில். 1875-ஆம் ஆண்டு ஒற்றோபரில், எண்பது வயதுக் கணவரோடு அம்மையார் கப்பலேறினார். ஒரு பசுவையும் தம் இருவர்க்கும் சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர் என்பர்.

களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் அவர் மீண்டும் கமராவை எடுத்தார். வெப்பத்தில் கொலோடியன் விரைந்து உலர்ந்தது. பொருள்களும் எளிதிற் கிடைத்தில. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கிற் படைத்தவர், இங்கு எடுத்தவற்றுள் இன்று அறியப்படுவன முப்பதுக்கும் குறைவே. 1877-இல் அங்கு வந்த ஓவியர் மரியன் நோர்த் அம்மையாரைப் படம்பிடித்தார். ஏனையவற்றிற் பல, தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களுமாகிய ஏழையரின் உருவங்கள். நிமிர்ந்து நிற்கும் பெண்டிர், தாடியுடைய முதியோர், குழந்தைகள். பொறுமையோடு நின்று அந்நீண்ட விநாடிகளைத் தந்தவர்கள்.

அவர்களுக்குப் பெயரில்லை. மரியன் நோர்த்துக்குப் பெயருண்டு. வைற் தீவின் பணிப்பெண்ணுக்கும் பெயருண்டு. களுத்துறையில் நின்றவர்களோ பெண் என்றும், குடியானவர் கூட்டம் என்றும், தலைப்பே இல்லை என்றும் அரும்பொருட் காட்சியகப் பட்டியல்களில் இடம்பெறுகின்றனர். அம்மையார் இவர்களை இழிவாகப் பார்த்தார் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அப்படங்களில் ஏளனம் இல்லை. ஆயின் ஒருவரை அத்தனை நேரம் நோக்கியிருந்தவர் அவர் பெயரைக் கேட்டு எழுதிவைக்க ஒரு கணம் செலவிட்டிருக்கலாம். நம் மலைநாட்டுப் பிள்ளைகளுள் யாரோ ஒருவரின் பாட்டியின் பாட்டி அப்படங்களில் இருக்கக்கூடும். எவ்வாறு அறிவது?

1879-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளன்கெயர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். அட்டனிலிருந்து நோர்வூட் வழியே பொகவந்தலாவை செல்வோர், தேயிலைச் சரிவுகளின் நடுவே தூய மரியாள் ஆலயத்து முற்றத்தில் இருவரின் கல்லறையையும் காணலாம்.