ஆசிரியர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்த புனிதர்



ஏப்ரல் 7ஆம் நாள் திருச்சபை புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலின் திருநாளைக் கொண்டாடுகிறது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கல்விக்கு ஒழுங்கும் உருவமும் தந்தவர் இவர். அதற்காக அவர் முதலில் தூக்கிவிட்டது ஆசிரியர்களை!

பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில், 1651ஆம் ஆண்டு வசதியான குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தார். 1667இல், சிறு வயதிலேயே, நிலையான வருமானமுள்ள பேராலய கேனன் பதவி அவருக்குக் கிடைத்தது. 1671இல் தாயையும் 1672இல் தந்தையையும் இழந்து, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். 1678இல் குருவானார்.

1679இல் ஆட்ரியன் நியேல் என்பவர் ஏழைச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்க ரெய்ம்ஸ் வந்தார். லசால் அவருக்கு உதவினார். அங்கே பணிக்கு வந்த ஆசிரியர்களுக்குப் படிப்பும் பயிற்சியும் குறைவு. ஊதியமும் மதிப்பும் அதைவிடக் குறைவு. தொடக்கத்தில் அவர்களைத் தம் வீட்டுப் பணியாளரைவிடத் தாழ்வாகவே எண்ணியதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். ஆனாலும் அவர்களைத் தம் உணவு மேசைக்கு அழைத்தார். 1681இல் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். உறவினர்கள் கொதித்தெழுந்து, உடனிருந்த தம்பியரில் சிலரைப் பிரித்து அழைத்துச் சென்றனர். மறு ஆண்டு லசால் தம் வீட்டைவிட்டு வெளியேறி, ஆசிரியர்களோடு வாடகை வீட்டில் குடியேறினார்.

எதிர்காலத்தை எண்ணிக் கலங்கிய அவர்களிடம், இறைப் பராமரிப்பில் நம்பிக்கை வையுங்கள் என்றார். பதவியும் சொத்தும் உள்ள உமக்கு அப்படிச் சொல்வது எளிது, பள்ளி மூடினால் நாங்கள் பிச்சையெடுக்க வேண்டியதுதான் என்று அவர்கள் பதில் கூறினர். அந்தச் சொல் அவர் உள்ளத்தைத் தைத்தது. 1683இல் கேனன் பதவியைத் துறந்து, அதைத் தம் தம்பிக்குத் தராமல் ஓர் ஏழைக் குருவுக்குக் கிடைக்கச் செய்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தார்.

அவரோடு நிலைத்தவர்களே லசால் அருட்சகோதரர்கள் சபையாயினர். பிள்ளைகள் இலத்தீனில் தடுமாறாமல் முதலில் தாய்மொழியில் வாசிக்கக் கற்றனர். ஒவ்வொருவராக அழைத்துக் கற்பிக்கும் வழக்கம் மாறி, வகுப்பாக அமர்த்திக் கற்பிக்கும் முறை பரவியது. ஆசிரியர்களுக்கெனப் பயிற்சிக்கூடமும் எழுந்தது. கட்டணம் வாங்கிக் கற்பித்த எழுத்தாசிரியர்கள் பாரிசில் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர் கலங்கவில்லை. 1719ஆம் ஆண்டு, புனித வெள்ளியன்று, ரூவான் நகரில் இறைவனடி சேர்ந்தார். 1900இல் புனிதராக உயர்த்தப்பட்டார்; 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்பர்களே, பள்ளி என்றால் கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பேசுகிறோம். குறைந்த ஊதியத்தில் பாடம் நடத்தும் ஆசிரியையின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கேட்கிறோமா? ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தருபவருக்கு ஒரு நன்றியாவது சொல்கிறோமா? இறைவனை நம்பச் சொல்லும் குருக்களாகிய நாங்களும், பங்கு நிர்வாகத்தினரும் இக்கேள்வியை முதலில் எதிர்கொள்ள வேண்டும். ஆசிரியரின் பாரத்தில் பங்கெடுக்காத அறிவுரை அவர் செவியில் ஏறாது.

புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலே, எங்கள் ஆசிரியர்களுக்காக மன்றாடும்.