சிரிப்பைப் பாடமாக்கிய தங்கத் தாத்தா

ஈழத்துப் புலவர் வரிசையில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர்க்குத் தனியிடம் உண்டு. கலம்பகமும் சிலேடை வெண்பாவும் பாட வல்ல புலமையர் அந்நாட்டிற் பலர் வாழ்ந்தனர். அத்தகைய புலமையோடு, அரிச்சுவடி படிக்கும் பிள்ளையின் அருகில் வந்து அமர்ந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் இவர்.

யாழ்ப்பாணத்து நவாலியில் 1878ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் கதிர்காமரின் மகனாகப் பிறந்தார். வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். அட்டகிரிக் கலம்பகம், கதிரைச் சிலேடை வெண்பா, பனையின் பயனைப் பாடும் தாலவிலாசம், இலங்கை வளம், உயிரிளங்குமரன் நாடகம் முதலியன அவர் புலமைக்குச் சான்றாவன. இவையே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதியன. எனினும், மக்கள் அவரைத் 'தங்கத் தாத்தா' என்று அழைத்தது பிள்ளைகளுக்காக அவர் பாடிய பாடல்களாலேயே.

அக்காலத்துக் கீழ்வகுப்பில் தமிழ்ச் செய்யுள் என்பது பெரும்பாலும் நீதிநூல் மனனமே. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பொருள் விளங்கும் முன்பே நாவில் ஏறின. அவற்றின் பெருமை பெரிது. ஆயினும் பிள்ளை தன் முற்றத்தையும் தோட்டத்தையும், தன் சிரிப்பையும், அவற்றிற் காண இயலவில்லை. பிள்ளைகளுக்கென்றே பாடல்கள் வேண்டும் என்ற எண்ணம் வட இலங்கைக் கல்வியாளரிடையே வலுப்பெற்ற காலத்தில், 1935இல் 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதி வெளிவந்தது. புலவரின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. பின்னர்ப் பாடநூல்களின் வழியே பல தலைமுறைகளைச் சென்றடைந்தன.

'கத்தரித் தோட்டத்து வெருளி' அவற்றுள் ஒன்று. தோட்டத்தில் நிறுத்திய வெருளியை அரண்மனைக் காவலனைப் போற்றுவதுபோலப் போற்றுகிறார் புலவர். கூலி கேளாத ஊழியன். இமை கொட்டாத விழியினன். தலையில் உறுமால், முகத்தில் மீசை, இடையில் வாள். புகழ்ச்சி ஏற ஏற வகுப்பிற் சிரிப்பும் ஏறும். ஏனெனில், புகழப்படுபவன் ஆளே அல்லன் என்பது பிள்ளைக்குத் தெரியும். சொல் ஒன்று சொல்ல, பொருள் வேறொன்றாய் நிற்பதை அது தானாகவே கண்டுகொள்கிறது. வஞ்சப்புகழ்ச்சியின் சுவையை, அணியின் பெயரை அறிவதற்குப் பல்லாண்டு முன்பே அது நுகர்ந்துவிடுகிறது. விளக்கவுரை எதுவும் இன்றி நடந்தேறும் இலக்கியப் பாடம் இது.

'பவளக்கொடி' மற்றொன்று. பாற்குடம் சுமந்து செல்லும் பெண், பால் விற்ற காசிற் பெறப்போகும் செல்வங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறாள். கனவின் உச்சியில் தலை அசைகிறது, குடம் வீழ்கிறது. பிள்ளைகள் முதலிற் சிரிக்கிறார்கள். அறிவுரை அச்சிரிப்பின் பின்னரே வந்து சேர்கிறது. ஆதலால் அது கசப்பதில்லை.

'ஆடிப்பிறப்பு' பாடலில் ஆசிரியரின் குறும்பு வேறு வகையில் வெளிப்படுகிறது. ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் மணக்கும் அப்பாடலில், பிள்ளைகளின் முதல் மகிழ்ச்சி மறுநாள் பள்ளி இல்லை என்பதே. வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையிற் கழித்த ஒருவர், வகுப்பறையிற் பாடுவதற்கென்றே விடுமுறையைக் கொண்டாடிப் பாடினார். பிள்ளை மனத்தை அறிந்து, அதற்காக அதனைக் கடிந்துகொள்ளாத ஆசிரியர்க்கே இது கைகூடும்.

இப்பாடல்களின் எளிமை புலமைக் குறைவால் வந்ததன்று. சிந்தும் கும்மியும் சார்ந்த ஓசை, ஆசிரியர் முன்பாட வகுப்பு ஏற்றுப் பாடுவதற்கு இசைவாக அமைந்தது. வெருளி, கூழ் என்று வீட்டில் வழங்கிய சொற்கள் வெட்கமின்றிச் செய்யுளுள் நுழைந்தன. சிலேடையிற் சொல்லை இருபொருள்பட நிறுத்தப் பழகிய கையே, ஒரு பொருளைக் குழந்தைக்குப் பளிச்செனக் காட்டவும் துணைநின்றது. குழந்தைப் பாடலைத் தளர்ந்த யாப்புக்குப் புகலிடமாகக் கருதும் கவிஞர் எவரும் இங்கே சற்று நின்று எண்ணுதல் தகும்.

1953ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள், ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கையில், புலவர் மறைந்தார். அவருடைய பிள்ளைப் பாடல்கள் 1955இல் 'சிறுவர் செந்தமிழ்' என நூலுருப் பெற்றன. கலம்பகத்தையும் சிலேடை வெண்பாவையும் இன்று தேடிப் படிப்போர் சிலரே. ஆடி முதல் நாளில் கூழ் காய்ச்சும் வீடுகளிலோ, பாடநூலை ஒருமுறையும் திரும்பிப் பாராத முதியவர்கள்கூட அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலை முழுமையாகப் பாடிவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் அதனைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்.