சிங்கப்பூரிலிருந்து சயாம் அரண்மனைக்குச் சென்ற ஆங்கில ஆசிரியை

பட்டப்படிப்பை முடித்த கையோடு ஜப்பான், கொரியா, தாய்லாந்து போன்ற நாடுகளுக்குச் சென்று பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் இளையர்கள் இன்று பலர் உள்ளனர். பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், விசா, ஒப்பந்தம் என்று அவர்கள் தயார் செய்ய வேண்டியவை நிறைய. 1862ஆம் ஆண்டில் இதே வேலைக்காகச் சிங்கப்பூரிலிருந்து பேங்காக்கிற்குக் கப்பலேறினார் ஒரு பெண். அவரிடம் இவற்றில் எதுவும் இல்லை. அவர் பெயர் அன்னா லியோனோவன்ஸ்.

‘தி கிங் அண்ட் ஐ’ என்ற இசை நாடகத்தையோ திரைப்படத்தையோ பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பெரிய பாவாடையும் நிமிர்ந்த நடையுமாக வரும் அந்த ஆங்கிலேய ஆசிரியைக்கும் உண்மையான அன்னாவுக்கும் இடைவெளி அதிகம்.

அன்னா பிறந்தது இங்கிலாந்தில் அன்று. இந்தியாவின் அகமத்நகரில், 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் ஒரு சார்ஜன்ட். மகள் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தாய் ஆங்கிலோ இந்தியர். மறுமணம் செய்துகொண்ட தாயுடன் அன்னா படை முகாம்களில் வளர்ந்தார். 1849ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பூனாவில் தாமஸ் லியோன் ஓவன்ஸ் என்ற எழுத்தரை மணந்தார். கணவர் பெயரின் பிற்பகுதிகளான ‘லியோன்’, ‘ஓவன்ஸ்’ இரண்டும் ஒட்டிக்கொண்டு பின்னர் ‘லியோனோவன்ஸ்’ ஆயின.

குடும்பம் பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலைந்தது. முதல் இரண்டு குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏவிஸ் என்ற மகளும் லூயிஸ் என்ற மகனும் பிறந்தனர். 1857ல் சிங்கப்பூர், அடுத்துப் பினாங்கு. அங்கே தாமஸ் ஒரு தங்கும் விடுதியை நடத்தினார். 1859ஆம் ஆண்டு மே மாதம் திடீரென இறந்தபோது அவருக்கு வயது 31. ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அவரது கல்லறையை இன்றும் காணலாம்.

அன்னாவுக்கு அப்போது 27 வயது. கையில் பணமில்லை, இரண்டு சிறு பிள்ளைகள் வேறு. சிங்கப்பூருக்குத் திரும்பி, பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினார். இங்கேதான் அவர் வாழ்க்கையையே மாற்றிய பொய்யும் பிறந்தது. ஏழை சார்ஜன்ட்டின் மகள், அதுவும் இந்திய இரத்தக் கலப்புள்ளவர் என்று தெரிந்தால் அன்றைய ஆங்கிலேயப் பெற்றோர் யாரும் அவரிடம் பிள்ளைகளை அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆகவே, தாம் வேல்ஸ் நாட்டில் நல்ல குடும்பத்தில் பிறந்தவர் என்றும் இராணுவ மேஜர் ஒருவரின் விதவை என்றும் சொல்லிக்கொண்டார். பொய் பொய்தான். ஆனால், திறமையைப் பார்ப்பதற்கு முன் தோலையும் குலத்தையும் பார்த்த ஒரு சமூகத்தில் அவருக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

பள்ளியில் வருமானம் அதிகமில்லை. நல்ல பெயர் மட்டும் கிடைத்தது. அந்தப் பெயர் டான் கிம் சிங்கின் காதுக்கு எட்டியது. மருத்துவமனையின் பெயரால் நாம் அறிந்த டான் டோக் செங்கின் மூத்த மகன் இவர். சிங்கப்பூரில் சயாம் நாட்டின் பிரதிநிதியாகவும் இருந்தார். சயாம் மன்னர் மோங்குட் தம் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். இருபத்தேழு ஆண்டுகள் பௌத்த துறவியாக வாழ்ந்து அரியணை ஏறியவர் அவர். வானியலில் வல்லவர், ஆங்கிலமும் கற்றவர். முன்பு அரண்மனையில் பாடம் நடத்திய பாதிரிமார்களின் மனைவியர் பாடத்தோடு மதத்தையும் சேர்த்துப் போதித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலமும் அறிவியலும் இலக்கியமும் போதும், மதமாற்றம் கூடாது என்று 1862 பிப்ரவரியில் அன்னாவுக்கு எழுதிய கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அன்னா ஒப்புக்கொண்டார். ஆனால், பயண ஏற்பாடுகளில் அவருக்கு மிகக் கடினமாக இருந்திருக்கக்கூடியது பெட்டி கட்டுவதன்று. ஏழு வயது ஏவிஸை இங்கிலாந்தில் படிக்க அனுப்பிவிட்டு, ஐந்து வயது லூயிஸை மட்டும் உடன் அழைத்துச் செல்ல முடிவெடுத்தார். மகள் ஒரு திசையில், தாய் மறு திசையில். மார்ச் மாதம் நீராவிக் கப்பல் அவரைப் பேங்காக்கில் இறக்கியது.

ஒப்பந்தம் என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று இன்று வெளிநாடு செல்வோருக்குச் சொல்கிறோம் அல்லவா? அன்னாவுக்கும் வந்ததுமே தலைவலி தொடங்கியது. அரண்மனைக்கு வெளியே தமக்குத் தனி வீடு வேண்டும் என்று அவர் நின்றார். அது உடனே கிடைக்கவில்லை. பாடம் நடத்துவதோடு மன்னரின் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்திலும் உதவ வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1867ல் உடல்நலம் குன்றி விடுப்பில் புறப்பட்டவர், மறுபடி அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு மன்னர் மலேரியாவில் காலமானார்.

அன்னாவின் மாணவர்களில் ஒருவரான சூலலங்கோர்ன் 15 வயதில் மன்னரானார். குப்புற விழுந்து வணங்கும் வழக்கத்தை 1873ல் நீக்கினார். அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்தார். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிற்கும் வெண்கல யானை, 1871ல் சிங்கப்பூருக்கு வந்து சென்றதன் நினைவாக அவர் அளித்த பரிசுதான். அந்தச் சீர்திருத்தங்களுக்குத் தம் பாடங்களும் காரணம் என்று அன்னா நம்பினார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. சயாமைப் பற்றி அவர் எழுதிய இரண்டு நூல்களிலும் மிகைப்படுத்தல் நிறைய உண்டு என்பது உண்மை. தாய்லாந்து மக்களுக்கு அவர்மீது இருக்கும் கோபம் நியாயமானதே. ‘தி கிங் அண்ட் ஐ’ படம் அங்கே தடை செய்யப்பட்டது.

பிற்காலத்தில் கனடாவில் குடியேறிய அன்னா, ஹாலிஃபாக்ஸ் நகரில் ஓர் ஓவியக் கல்லூரி உருவாகப் பாடுபட்டார். 1897ல் லண்டனுக்கு வந்த சூலலங்கோர்ன் மன்னரை நேரில் சந்தித்தார். 1915 ஜனவரியில், 83 வயதில் மோன்ட்ரியலில் காலமானார். தம் பிறப்பைப் பற்றிய உண்மையைக் கடைசிவரை வெளியிடவே இல்லை. 1970களில்தான் அது தெரியவந்தது. மகன் லூயிஸின் வரலாற்றை எழுத முற்பட்ட பிரிஸ்டோ, லண்டனில் அவரது பிறப்புச் சான்றிதழைத் தேடினார், அது கிடைக்கவில்லை. ஏன் என்று துருவியபோது குடும்பக் கதை முழுவதும் அவிழ்ந்தது. பிரிஸ்டோ வரலாற்றாசிரியர் அல்லர். சிலந்திகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர்.